கப்பல் காட்டும் கடல்நீர் அடர்த்தி

மாணவர்களே, கிள்ளான் துறைமுகத்தில் நிற்கும் சரக்குக் கப்பல்களின் பக்கவாட்டில் ஒரு வட்டமும் அதன் அருகே சில கிடைக்கோடுகளும் இருக்கும். இதுவே பிளிம்சால் குறி. அளவுக்கு மீறிய சுமையால் கப்பல்கள் மூழ்குவதைத் தடுக்கப் போராடிய சாமுவேல் பிளிம்சாலின் முயற்சியால், 1876-இல் இது பிரிட்டனில் சட்டமானது. எதற்காகப் பல கோடுகள்?

உப்பும் வெப்பமும்

30 பாகை செல்சியசில் ஒரு கன மீட்டர் நன்னீரின் பொருண்மை சுமார் 996 கிலோகிராம். கிலோவுக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீரில் அது 1,022 கிலோகிராம். அதே கடல்நீர் 0 பாகைக்குக் குளிர்ந்தால் 1,028 ஆகும். உப்பு கூடினால் அடர்த்தி கூடும். வெப்பம் கூடினால் நீர் விரிந்து அடர்த்தி குறையும்.

மலாக்கா நீரிணையின் மேற்பரப்பு ஆண்டு முழுவதும் 30 பாகையை ஒட்டியே இருக்கும். ஆகவே இங்கு அடர்த்தியை அதிகம் மாற்றுவது உப்புதான். கனமழைக்குப் பின் கிள்ளான் ஆறு கொண்டுவரும் நன்னீர், முகத்துவாரத்தில் கடல்நீரின்மேல் பரவப் பார்க்கும். கடலின் ஏற்ற இறக்கம் இரண்டையும் கலக்கும்.

கணக்குப் போடுவோம்

மிதக்கும் கப்பல் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்குகிறது. பெட்டி வடிவக் கப்பல் ஒன்று 1,025 அடர்த்தியுள்ள கடலில் 10 மீட்டர் அமிழ்ந்தால், 1,000 அடர்த்தியுள்ள நன்னீரில் 10.25 மீட்டர் அமிழும். இந்த 25 சென்டிமீட்டருக்காகவே நன்னீர்க் கோடு கடல்நீர்க் கோட்டுக்கு மேலே உள்ளது.

வெப்பமண்டலக் கோடு மேலேயும் குளிர்காலக் கோடு கீழேயும் இருப்பதற்கும் அடர்த்திதான் காரணமா? 30 பாகையிலிருந்து 0 பாகைக்குச் சென்றால் நம் கப்பல் சுமார் 6 சென்டிமீட்டர்தான் உயரும். ஆனால் அவ்விரு கோடுகளுக்கும் இடைவெளி ஏறத்தாழ 42 சென்டிமீட்டர்! குளிர்காலப் புயலும் பேரலையுமே முக்கியக் காரணம். அங்கே சுமையைக் குறைத்து, கப்பலின் மேல்தளம் நீர்மட்டத்துக்கு அதிக உயரத்தில் இருக்கச் செய்கிறார்கள்.

செய்து பாருங்கள்

ஒரு கண்ணாடிக் குவளையில் குழாய்நீரும் மற்றொன்றில் நன்றாக உப்புக் கரைத்த நீரும் எடுங்கள். இரண்டும் அறை வெப்பநிலையில் இருக்கட்டும். உணவுச் சாயம் கலந்த ஐஸ் கட்டியை ஒவ்வொன்றிலும் மிதக்க விடுங்கள். குழாய்நீரில், உருகிய குளிர்நீர் கீழே இறங்கும். உப்புநீரில் அது மேலேயே தங்கும். குளிர்ந்த நீர் ஏன் மூழ்கவில்லை? மேலே உள்ள எண்களைக் கொண்டு விளக்குங்கள்.