வலுக்கூடிய மோட்டார் சைக்கிளில் பழகலாமா?

வினா: புதிதாக ஓட்டுபவர் வலுக்கூடிய மோட்டார் சைக்கிளில் தொடங்கலாமா?

விடை: சட்டம் தடுக்காது. இலங்கையில் 100 சி.சி. வரை ஏ1 வகுப்பு, அதற்கு மேல் ஏ வகுப்பு. இரண்டிற்கும் குறைந்த வயது 18. ஆயினும் உகந்ததன்று. வேக - நேர வரைபொன்றை வரைந்து பாருங்கள்.

பம்பலப்பிட்டிச் சந்தியில் பச்சை விளக்கு எரிகிறது. 3 மீற்றர் முன்னே பஸ் நகரவில்லை. பழகுபவர் பதற்றத்தில் 1 செக்கன் அக்சிலேற்றரை முறுக்கிவிடுகிறார் எனக் கொள்க.

ஆர்முடுகல் 2 மீ செ⁻² எனின் வேகம் 2 மீ செ⁻¹, எஞ்சும் தூரம் 2 மீற்றர். நிறுத்துவதற்கு அமர்முடுகல் 1 மீ செ⁻² போதும்.

ஆர்முடுகல் 4 மீ செ⁻² எனின் வேகம் 4 மீ செ⁻¹, எஞ்சுவது 1 மீற்றர். தேவையான அமர்முடுகல் 8 மீ செ⁻²! மழையில் நனைந்த காலி வீதியில் தேர்ந்த சாரதிக்கும் இது அரிது.

ஆர்முடுகல் இரு மடங்கு. பிறேக் தரவேண்டிய அமர்முடுகலோ எட்டு மடங்கு.

(பிறேக்கைப் பிடிக்க எடுக்கும் நேரம் இங்கு புறக்கணிக்கப்பட்டது. அதையும் சேர்த்தால் இரண்டாமவர் பஸ்ஸில் மோதியிருப்பார்.)