மக்கள் பணமும் மக்களவையும்

குடும்பத் தலைவன் ஒருவன் ஆண்டுத் தொடக்கத்தில் தன் வரவையும் செலவையும் எண்ணிப் பார்க்கின்றான். விளைவால் வருவது இவ்வளவு, உணவுக்கு இவ்வளவு, கடனுக்கு வட்டி இவ்வளவு, மக்களின் கல்விக்கு இவ்வளவு என வகுத்துக்கொள்கின்றான். இதற்கு அவன் பிறரிடம் இசைவு பெற வேண்டுவதில்லை. ஈட்டுபவனும் அவனே, செலவிடுபவனும் அவனே.

அரசின் நிலை அத்தகையதன்று. அரசு செலவிடும் பொருள் அதன் சொந்தப் பொருளன்று. உழவரும் நெசவாளரும் வணிகரும் அலுவலரும் தத்தம் உழைப்பின் பயனிலிருந்து தந்த பொருள் அது. வருமான வரி கட்டுமளவுக்குச் செல்வம் இல்லாத ஏழையும், கடையில் ஒரு தீப்பெட்டி வாங்கும்பொழுது அதன் விலையோடு அரசுக்குரிய வரியையும் சேர்த்தே கொடுக்கின்றான். பிறர் பொருளைப் பெறுவதற்கும் செலவிடுவதற்கும் அப்பிறருடைய இசைவு வேண்டுமன்றோ? அவ்விசைவை மக்கள் தம் பிரதிநிதிகளின் வாயிலாக ஆண்டுதோறும் அளிக்கும் முறையே, வரவு செலவுத் திட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறும் முறையாகும்.

இவ்வுரிமை நம் நாட்டினர்க்கு எளிதில் வாய்த்ததன்று. 1860-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வில்சன் என்னும் ஆங்கிலேயர், இந்தியாவின் வரவு செலவுத் திட்டத்தைக் கல்கத்தாவில் சட்டசபையின் முன் வைத்தார். வருமான வரி இந்நாட்டில் முதன்முதலாக விதிக்கப்பட்டது அப்பொழுதுதான். வரி செலுத்தியோர் இந்தியர். ஆனால், வரியை விதித்த அச்சபையில் இந்தியர் ஒருவரேனும் இலர்.

பின்னர் 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மக்களுள் ஒரு சிறு பகுதியினரால் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் பெரும்பான்மையராக அமர்ந்த மத்திய சட்டசபை தோன்றியது. ஆயினும், அதன் இசைவு வெறும் பெயரளவிலேயே நின்றது. 1923-ஆம் ஆண்டில் அரசு உப்பு வரியை மணங்கு ஒன்றுக்கு ஒன்றேகால் ரூபாயிலிருந்து இரண்டரை ரூபாயாக உயர்த்த முற்பட்டது. உப்பில்லாமல் உண்பார் ஒருவரும் இலர். ஆகவே, அவ்வரி செல்வர்க்கு ஒரு பொருட்டன்று, ஏழைக்கோ பெருஞ்சுமை. சட்டசபை அதனை ஏற்க மறுத்தது. ஆனால், வைசிராயாக இருந்த ரீடிங் பிரபு, தமக்கிருந்த தனி அதிகாரத்தால் அவ்வரி உயர்வைச் சட்டமாக்கினார். அடுத்த ஆண்டில் மோதிலால் நேரு தலைமையில் சுயராஜ்யக் கட்சியினர் திரண்டு நின்று, மானியக் கோரிக்கைகள் சிலவற்றை மறுத்தனர். நிதி மசோதாவும் சபையில் வீழ்ந்தது. எனினும் அரசின் செலவு நிற்கவில்லை. 'இல்லை' என்னும் சொல்லைக் கேட்டு நடக்க வேண்டிய கடமை ஆள்வோர்க்கு இல்லையாயின், அச்சொல்லால் பயன் யாது?

நாடு விடுதலை பெற்றபின், 1947-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள், உரிமை இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டம் அளிக்கப்பட்டது. அதனை அளித்தவர், கோயம்புத்தூரைச் சேர்ந்தவரும் தமிழிசைக்குத் துணை நின்றவருமான ஆர். கே. சண்முகம் செட்டியார். ஏழரைத் திங்களுக்கு உரிய அத்திட்டத்தில் வரவு ஏறக்குறைய 171 கோடி ரூபாய். செலவு ஏறக்குறைய 197 கோடி ரூபாய். நாட்டுப் பிரிவினையால் வீடிழந்து வந்தோரைக் காக்க வேண்டிய துயர்மிகு காலம் அது.

1950-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டம், பொது நிதியைக் காக்கும் இரண்டு வேலிகளை அமைத்தது. சட்டத்தின் இசைவின்றி எவ்வரியும் விதித்தலும் தண்டுதலும் கூடாது என்பது ஒன்று. சட்டத்தின் இசைவின்றி அரசின் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு காசும் எடுத்தல் கூடாது என்பது மற்றொன்று. பாராளுமன்றத்தில் வரவு செலவுத் திட்டம் கடந்து செல்லும் படிகள் யாவும் இவ்விரு வேலிகளைச் சார்ந்தே அமைந்துள்ளன.

நம் நாட்டின் நிதியாண்டு ஏப்ரல் முதல் நாள் தொடங்கி மார்ச்சு 31-ஆம் நாள் முடிவுறுவது. வரும் ஆண்டுக்குரிய திட்டத்தை நிதியமைச்சர் மக்களவையில் அளிப்பார். முன்பு பிப்ரவரித் திங்களின் இறுதியில் நிகழ்ந்து வந்த இச்செயல், 2017-ஆம் ஆண்டு முதல் பிப்ரவரி முதல் நாளன்று நிகழ்கின்றது. தனியே அளிக்கப்பட்டு வந்த இரயில்வே வரவு செலவுத் திட்டமும் அவ்வாண்டிலேயே பொதுத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. எப்பொருளுக்கு வரி கூடும், எதற்குக் குறையும் என்பது முன்னரே வெளிப்பட்டால், வணிகருட் சிலர் பண்டங்களைப் பதுக்கிப் பெரும்பொருள் ஈட்டக்கூடும். ஆதலின், திட்டத்தை ஆயத்தம் செய்யும் அலுவலர் சிலர், அமைச்சரின் உரை நிகழும்வரை வெளியுலகத் தொடர்பின்றி ஓரிடத்தே தங்கியிருப்பர்.

அமைச்சர் அளிக்கும் ஏடுகளில் மூன்று ஆண்டுகளின் கணக்குகள் அருகருகே நிற்கும். கடந்த ஆண்டில் உண்மையில் நிகழ்ந்த வரவு செலவு ஒன்று. நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடு மற்றொன்று. வரும் ஆண்டின் மதிப்பீடு மூன்றாவது. சொன்னது எவ்வளவு, செய்தது எவ்வளவு என்பதை உறுப்பினர்கள் ஒப்பிட்டு அறிவதற்கு இவ்வமைப்பு உதவுகின்றது.

அடுத்து வருவது பொது விவாதம். அரசின் பொருளாதாரக் கொள்கை நேரியதா, வரிச்சுமை ஏழைகளை அழுத்துகின்றதா, கல்விக்கும் மருத்துவத்திற்கும் ஒதுக்கியது போதுமா என்பன போன்ற வினாக்களை உறுப்பினர் எழுப்புவர். இவ்விவாதம் இரண்டு அவைகளிலும் நிகழும். ஆனால் அப்பொழுது வாக்கெடுப்பு இல்லை. விவாதத்தின் முடிவில் நிதியமைச்சர் விடை கூறுவார்.

அதன்பின் அவை சில நாள்கள் கூடாதிருக்கும். அந்நாள்களில், 1993-ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட துறைவாரி நிலைக்குழுக்கள் தம் பணியைச் செய்யும். ஒவ்வொரு குழுவிலும் மக்களவையினர் 21 பேரும், மாநிலங்களவையினர் 10 பேரும் இடம்பெறுவர். அமைச்சர் எவரும் இவற்றில் உறுப்பினராதல் இயலாது. துறை அலுவலர்களை அழைத்து, சென்ற ஆண்டு ஒதுக்கிய பணம் ஏன் செலவாகவில்லை, இவ்வாண்டு ஏன் மிகுதியாகக் கேட்கின்றீர் என வினவி, குழுவினர் அறிக்கை அளிப்பர்.

இனி வருவதே திட்டத்தின் உயிர்நிலையான படியாகும். ஒவ்வொரு துறையின் செலவுக்கும் வேண்டிய தொகை, மானியக் கோரிக்கை என்னும் பெயரால் மக்களவையின் முன் வைக்கப்படும். அக்கோரிக்கையை ஏற்கவோ, மறுக்கவோ, குறைக்கவோ அவைக்கு உரிமையுண்டு. ஆனால், கூட்டுவதற்கு உரிமையில்லை. குறைக்குமாறு கேட்பது வெட்டுத் தீர்மானம் எனப்படும். அது மூவகைப்படும். துறையின் கொள்கையையே ஏற்காதவர், தொகையை ஒரு ரூபாயாகக் குறைக்குமாறு கேட்பர். வீண் செலவைத் தடுக்க விரும்புவோர், குறிப்பிட்ட ஒரு தொகையைக் குறைக்குமாறு கேட்பர். ஒரு குறையை மட்டும் எடுத்துக்காட்ட விரும்புவோர், நூறு ரூபாய் குறைக்குமாறு கேட்பர். பல கோடி ரூபாய்க் கோரிக்கையில் நூறு ரூபாயால் ஆவதென்ன என ஐயுறலாம். தம் தொகுதியில் பாலம் ஒன்று பல்லாண்டுகளாக அரைகுறையாய்க் கிடந்தால், ஓர் உறுப்பினர் அந்நூறு ரூபாயைக் காரணமாகக் கொண்டு, அமைச்சர் விடை கூறியே ஆகவேண்டிய நிலையை உண்டாக்கலாம். அதுவே அதன் பயன்.

வெட்டுத் தீர்மானங்கள் நிறைவேறுவது அரிது. அரசைச் சார்ந்த கட்சியினரே அவையில் பெரும்பான்மையராக இருப்பது அதற்குக் காரணம். ஆயின், ஒன்று நிறைவேறிவிட்டால், அவையின் நம்பிக்கையை அமைச்சரவை இழந்தது என்பது பொருளாகும். அது பதவி விலகுதலே மரபு. 1924-ஆம் ஆண்டின் 'இல்லை'க்கும், விடுதலை பெற்ற நாட்டின் 'இல்லை'க்கும் உள்ள வேறுபாடு இதுவே.

செலவுகள் அனைத்தும் வாக்கெடுப்புக்கு உரியன அல்ல. குடியரசுத் தலைவர், சபாநாயகர், உச்ச நீதிமன்ற நீதிபதிகள், தலைமைக் கணக்குத் தணிக்கையர் ஆகியோரின் ஊதியமும், அரசுக் கடனுக்குரிய வட்டியும் விவாதத்திற்கு மட்டுமே உரியன. நடுநிலையோடு கடமையாற்ற வேண்டியவர்களின் ஊதியம், ஆண்டுதோறும் பெரும்பான்மையினரின் விருப்பு வெறுப்புக்கு உட்படுதல் கூடாது என்பதும், கொடுத்த வாக்கின்படி கடனைத் தீர்த்தல் வேண்டும் என்பதும் இதன் கருத்து.

கோரிக்கைகள் பல, நாள்களோ சில. ஆகவே, குறித்த இறுதி நாளில் குறித்த நேரம் வந்ததும், எஞ்சிய கோரிக்கைகள் யாவற்றையும் சபாநாயகர் விவாதமின்றியே வாக்கெடுப்புக்கு விடுவார். இதற்குக் 'கில்லட்டின்' என்று பெயர். பிரெஞ்சு நாட்டில் தலையைத் துண்டிக்கப் பயன்பட்ட கருவியின் பெயரே விவாதத்தைத் துண்டிக்கும் இம்முறைக்கும் ஆயிற்று.

கோரிக்கைகள் நிறைவேறிய பின்னும் பணத்தை எடுத்தல் இயலாது. அவையனைத்தையும் உள்ளடக்கிய நிதி ஒதுக்கீட்டு மசோதா சட்டமாதல் வேண்டும். வரிகளைப் பற்றிய நிதி மசோதாவும் அவ்வாறே சட்டமாதல் வேண்டும். முன்னது செலவுக்குத் திறவுகோல். பின்னது வரவுக்குத் திறவுகோல். சுங்க வரி போன்றவற்றின் உயர்வு, மசோதா அவைக்கு வந்த உடனேயே தற்காலிகமாக நடைமுறைக்கு வருவதுண்டு. ஆனால், 75 நாளுக்குள் அது சட்டமாகாவிடின், அந்த உயர்வு செல்லாது. மிகுதியாகப் பெற்றதைத் திருப்பித் தருதல் வேண்டும்.

நிதி ஒதுக்கீட்டு மசோதாவும் நிதி மசோதாவும் மாநிலங்களவைக்கும் செல்லும். அவ்வவை 14 நாளுக்குள் தன் பரிந்துரைகளோடு அவற்றைத் திருப்பியனுப்புதல் வேண்டும். பரிந்துரையை ஏற்றலும் தள்ளலும் மக்களவையின் விருப்பம். மக்கள் நேரே வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அவைக்கே மக்கள் பணத்தின் மீது முடிவான உரிமை என்பது இதனால் விளங்கும். குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மசோதாக்கள் சட்டமாகின்றன.

தேர்தல் வரும் ஆண்டில் இத்துணைப் படிகளையும் உரிய காலத்தில் கடத்தல் அரிது. அப்பொழுது சில திங்களின் செலவுக்கு மட்டும் அவை முன்பணம் ஒப்பளிக்கும். 2019, 2024-ஆம் ஆண்டுகளில் இவ்வாறே இடைக்காலத் திட்டம் அளிக்கப்பட்டு, தேர்தலுக்குப்பின் அமைந்த அரசு முழுத் திட்டத்தை அளித்தது. ஆட்சியை விட்டு நீங்கக்கூடிய அரசு, அடுத்து வரும் அரசின் கைகளைக் கட்டுதல் கூடாது என்பதே இம்மரபின் உட்பொருள்.

பணம் செலவானவுடன் பாராளுமன்றத்தின் பணி முடிவதில்லை. தலைமைக் கணக்குத் தணிக்கையர் கணக்குகளை ஆராய்ந்து அளிக்கும் அறிக்கையைப் பொதுக் கணக்குக் குழு ஆராயும். 1967-ஆம் ஆண்டு முதல் எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஒருவரே இக்குழுவின் தலைவராக இருந்து வருதல் மரபு. செலவிட்டவர் கணக்கை அவரினின்று வேறுபட்டவர் ஆராய்தலே முறையன்றோ?

வேலி வலிதாயினும், காப்பார் அயர்ந்தால் பயிர் காவாது. 2018, 2023-ஆம் ஆண்டுகளில் அவையில் அமளி மூண்டு பல நாள் ஓயாதிருந்தது. அவ்வாண்டுகளில் மானியக் கோரிக்கைகள் அனைத்தும் விவாதமின்றியே மக்களவையில் நிறைவேறின. சட்டம் குறித்த படிகளில் ஒன்றும் குறையவில்லை. ஆனால், கேட்க வேண்டிய வினாக்கள் கேட்கப்படவில்லை. கூற வேண்டிய விடைகள் கூறப்படவில்லை. முன்னோர் அந்நிய ஆட்சியில் 'இல்லை' என்று சொல்லியும் பயன் பெறாது வருந்தினர். பயன் தரும் சொல்லைப் பெற்ற பின்னர், அதனைச் சொல்லாது விடுதல் பெற்ற செல்வத்தைப் பூட்டி வைத்துப் பசித்திருப்பதை ஒக்கும்.

இதனைக் காக்கும் பொறுப்பு உறுப்பினர்க்கு மட்டும் உரியதன்று. தீப்பெட்டி வாங்கும் ஒவ்வொருவரும் அரசுக்குப் பொருள் தந்தவரே. தம் தொகுதியின் உறுப்பினர் மானியக் கோரிக்கையின்போது அவைக்குச் சென்றாரா, என்ன கேட்டார், என்ன விடை பெற்றார் என்று வினவும் உரிமை அவர்க்கு உண்டு. அங்ஙனம் வினவும் குடிமக்கள் நிறைந்த நாட்டில், மக்களவையின் இசைவு வெறும் சடங்காக ஒழியாது. மக்களின் இசைவாகவே நிலைபெறும்.