பின்வரிசைக்கு ஒரு துணைப் பயிற்சியாளர்

(மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை)



நம் பாலிடெக்னிக் கால்பந்து அணி சென்ற ஆண்டு மண்டலப் போட்டிக்குப் போய், முதல் ஆட்டத்திலேயே நான்கு கோல் வாங்கிக்கொண்டு திரும்பி வந்த வீரக்கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்கள் ஹாஸ்டல் மெஸ்ஸில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கொஞ்சம் கூட்டியே சொல்வார்கள். அந்த நான்கில் இரண்டு என் பக்கமாகத்தான் போனது. நான் ரைட் பேக்.

திரும்பி வரும் பஸ்ஸில் எல்லோரும் கோல்கீப்பரைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து திருவண்ணாமலை வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வழியில் டீ குடிக்க நிறுத்தியபோது பி.டி. சார்தான் சொன்னார்: "அவனை ஏன்டா திட்டுறீங்க? பந்து அவன்கிட்ட வர்றதுக்கு முன்னாடி உங்க நாலு பேரைத் தாண்டித்தானே வருது? நாலு பேரும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்கவே இல்லை."

இதற்குப் பிறகுதான் மாணவர் பேரவையில் அந்த யோசனை வந்தது. விளையாட்டு நிதியில் பந்து, வலை வாங்கியது போக மிஞ்சியதை வைத்து, தடுப்பாட்டத்திற்கென்றே ஒரு துணைப் பயிற்சியாளரை அமர்த்தலாமா? உடனே ஒரு சிரிப்பு. "பாதிப் பேருக்கு ஷூவே இல்லை, இதுல டிஃபென்ஸுக்குத் தனி கோச்சா!" கேள்வி நியாயமானதுதான். பெரிய அணிகள் எப்படிச் செய்கின்றன என்று படித்துவிட்டு வரும் வேலையை என் தலையில் கட்டினார்கள். அப்படிப் படித்ததும், பிறகு நடந்ததும்தான் இக்கட்டுரை.

முதலில் நம்ம ஊர்க் கதை. இந்தியன் சூப்பர் லீக் 2014இல் தொடங்கியபோதே சென்னையின் எஃப்.சி. அணியும் பிறந்தது. அதன் முதல் பயிற்சியாளர் இத்தாலியின் மார்கோ மாடராஸி. 2006 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஜிடேன் தலையால் மோதினாரே, அந்த மோதலை நெஞ்சில் வாங்கியவர்! அதே ஆட்டத்தில் அவர் செய்த தவறால் பெனால்டி போனது. இத்தாலியின் கோலைத் தலையால் முட்டி அடித்தவரும் அவரே. பின்வரிசையில் ஆடுகிறவன் வாழ்க்கை அப்படித்தான். அவர் பயிற்சியில் சென்னை 2015இல் கோப்பை வென்றது.

ஆனால் நமக்குப் பாடம் கிடைப்பது 2017-18 சீசனில். பயிற்சியாளர் இங்கிலாந்தின் ஜான் கிரெகரி. துணைப் பயிற்சியாளர் சையத் சாபிர் பாஷா, இந்தியாவுக்காக ஆடிய ஃபார்வர்டு. முதல் ஆட்டம் 2017 நவம்பர் 19, சென்னை நேரு ஸ்டேடியம், எதிரணி கோவா. முதல் பாதியிலேயே மூன்று கோல் வாங்கினார்கள்! இரண்டைத் திருப்பிக் கொடுத்தும் 3-2 என்று தோல்வி. நம்ம ஆளுங்களைப் போலத்தான் என்று ஆறுதலடைந்தேன். அடுத்து நடந்ததைப் பாருங்கள். நான்கு மாதம் கழித்து, 2018 மார்ச் 13, அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம். அதே மைதானம், அதே கோவா. லீக் ஆட்டங்களில் வேறு எந்த அணியை விடவும் அதிக கோல் அடித்துவிட்டு வந்த கோவா. அன்றைக்கு ஒரு கோல்கூடப் போடவிடவில்லை, சென்னை 3-0. நான்கு நாள் கழித்து பெங்களூரில் இறுதியாட்டம். ஒன்பதாவது நிமிடத்தில் சுனில் சேத்ரி கோல் அடித்து முந்திக்கொள்ள, அதைச் சமன் செய்ததும் பிறகு முன்னிலை வாங்கித் தந்ததும் மைல்சன் ஆல்வெஸ். அவர் ஸ்டாப்பர். இரண்டு கார்னர், இரண்டு தலைமுட்டு. 3-2 என்று கோப்பை சென்னைக்கு.

'ஆகா, நல்ல கோச் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்று எழுதி முடித்துவிடலாம்தான். ஆனால் அடுத்த சீசனையும் பார்க்க வேண்டும். 2018-19இல் அதே கிரெகரி, அதே பாஷா. பின்வரிசையில் மைல்சனுக்குத் துணையாக நின்ற கேப்டன் ஹென்ரிக் செரீனோ மட்டும் இல்லை. முன்வரிசையும் கோல் அடிக்க மறந்துவிட்டது. 18 ஆட்டங்களில் 9 புள்ளி, கடைசி இடம். கோச் மந்திரவாதி இல்லை என்பதைப் பேரவைக் கூட்டத்தில் நான் முதலிலேயே சொல்லிவிட்டேன். பிறகு யாரும் என் சட்டையைப் பிடிக்கக்கூடாதல்லவா!

2019 டிசம்பரில் ஓவன் காயில் வந்தார். ஆடிய காலத்தில் அவர் ஃபார்வர்டு. தன்னோடு துணைக்கு அழைத்துவந்த சாண்டி ஸ்டூவர்ட் ஆடிய காலத்தில் ஃபுல் பேக். தலைவர் முன்னே பார்ப்பவர் என்றால் துணைவர் பின்னே பார்ப்பவர். இந்த ஜோடிப் பொருத்தம் எனக்குப் பிடித்திருந்தது. அட்டவணையின் அடியில் கிடந்த அணி இறுதியாட்டம் வரை போனது. ஆனால் அந்த அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5 என்றுதான் ஜெயித்தார்கள். ஐந்து வாங்கி ஆறு போட்டதைத் தடுப்பாட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வெளிநாட்டில் இந்தப் பிரிவினை இன்னும் நுணுக்கமாகப் போகிறது. லிவர்பூல் 2018இல் த்ரோ-இன் எறிவதற்கென்றே தாமஸ் குரோன்மார்க் என்பவரை அமர்த்தியது. ஆர்சனல் 2021இல் கார்னர், ஃப்ரீ கிக் இவற்றுக்கென்று நிக்கோலா ஜோவரைக் கொண்டுவந்தது. அமெரிக்கக் கால்பந்தில், அதாவது கையில் பந்தை வைத்துக்கொண்டு ஓடுகிறார்களே அதில், தாக்குபவர்களும் தடுப்பவர்களும் வேறு வேறு பதினொரு பேர். அதனால் தடுப்புக்கு ஒரு தனித் தலைமைக் கோச், அவருக்குக் கீழே ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கோச் என்று ஒரு டிபார்ட்மெண்டே இருக்கிறது.

சரி, தடுப்பாட்டத்தில் தனியாகக் கற்றுக்கொடுக்க அப்படி என்னதான் இருக்கிறது? இங்கேதான் நம் படிப்பு உதவியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மைதானத்தின் அகலம் 68 மீட்டர். பின்வரிசையில் நான்கு பேர். பங்கு போட்டால் ஆளுக்கு 17 மீட்டர். யாராலும் காக்க முடியாது; இடையில் ஒரு லாரியே போகும். அதனால் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் நெருங்கி நிற்க வேண்டும். நான்கு பேருக்கு மூன்று இடைவெளி, ஆக 30 மீட்டர். மிச்சம் 38 மீட்டரை அப்படியே விட்டுவிட வேண்டியதுதான். எதை விடுவது? பந்து இல்லாத பக்கத்தை. எதிரி பந்தை அந்தப் பக்கம் தூக்கிப் போட்டால்? 40 மீட்டர் போக வேண்டும். பந்து வினாடிக்கு 20 மீட்டர் போவதாக வைத்துக்கொண்டால் 2 வினாடி. அதை அவன் அடக்கிக் காலடியில் வைக்க இன்னொரு வினாடி. அந்த 3 வினாடியில், வினாடிக்கு 6 மீட்டர் ஓடினால் நாம் 18 மீட்டர் நகர்ந்துவிடலாம். ஆனால் நான்கு பேரும் ஒன்றாக நகர வேண்டும். நம் பாடத்தில் வரும் நான்கு-பார் மெக்கானிசம் போல ஒரு லிங்க் அசைந்தால் மற்றதும் அசைய வேண்டும். ஒருவன் மட்டும் நின்றுவிட்டால்? சென்ற ஆண்டு வாங்கிய மூன்றாவது கோலை நினைத்துக்கொள்ளுங்கள். நின்றவன் நான்தான்.

ஆஃப்சைடும் இதே கதை. 1925க்கு முன்பு, பந்து தட்டப்படும்போது முன்னால் நிற்கும் ஃபார்வர்டுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியினர் மூன்று பேராவது இருக்க வேண்டும். அந்த ஆண்டு அதை இரண்டாகக் குறைத்தார்கள். உடனே கோல்கள் குவிந்தன. நடுவே நின்ற சென்டர் ஹாஃப் பின்னுக்கு இழுக்கப்பட்டு மூன்றாவது பேக் ஆனார். நாம் இன்றைக்கும் சொல்கிற 'ஸ்டாப்பர்' அவர்தான். அதாவது ஒரு விதி மாறியதால் ஒரு வேலையே புதிதாகப் பிறந்தது!

இத்தாலியின் மிலான் அணிக்கு 1987இல் வந்த அரிகோ சாக்கியைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு மெய்சிலிர்த்தது. அவர் தொழில்முறை ஆட்டக்காரரே அல்ல, ஷூ வியாபாரம் பார்த்தவர். பந்தே இல்லாமல் பயிற்சி கொடுப்பார்: பந்து இங்கே இருப்பதாக நினைத்துக்கொள் என்பார், பதினொரு பேரும் அதற்கேற்ப நகர வேண்டும். நட்சத்திரங்களான ஃபார்வர்டுகளுக்கு நம்பிக்கை வரவில்லை. அதற்காக ஒரு பந்தயம். கோல்கீப்பரும் நான்கு பேக்குகளும் ஒரு பக்கம். குல்லிட், வான் பாஸ்டன் உட்படப் பத்துப் பேர் எதிர்ப்பக்கம். ஒழுங்காக நின்ற ஐந்து பேருக்கு எதிராகப் பத்துப் பேராலும் கோல் போட முடியவில்லையாம். மிலான் 1989, 1990 இரண்டாண்டும் ஐரோப்பியக் கோப்பையை வென்றது.

இதையெல்லாம் பேரவையில் படித்துக் காட்டியதும், "சரிப்பா, ஆள் யாரு?" என்றார்கள்.

இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவர் மாநில அளவில் ஆடிய ஃபார்வர்டு, டி லைசன்ஸ் பயிற்சி முடித்தவர். இன்னொருவர் போலீஸிலிருந்து ஓய்வு பெற்றவர். போலீஸ் அணியில் பல வருடம் பேக் ஆடியவர். செங்கம் ரோடு பக்கத்திலிருந்து டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வருவார். லைசன்ஸ் கிடையாது. எல்லோரும் 'ஏட்டய்யா' என்போம். ஆளுக்கு மூன்று நாள் பயிற்சி நடத்தச் சொல்லி, ஐந்து பேர் கொண்ட குழு பார்த்து முடிவெடுப்பது என்று ஏற்பாடு. அந்த ஐந்தில் நானும் ஒருவன்.

முதலாமவர் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார், பொய் சொல்லக்கூடாது. டிரிப்ளிங், பாஸிங் எல்லாம் அருமை. ஆனால் டிஃபென்ஸ் என்று கேட்டால், "பந்து வந்தா தூக்கி வெளியே அடி" என்பதோடு முடிந்தது. ஏட்டய்யா கொடி கட்டும் கயிறு ஒன்றைக் கொண்டுவந்தார். பேக் நான்கு பேர் இடுப்பிலும் கட்டினார். மலை நிழல் மைதானத்தில் விழுந்து இருட்டும்வரை பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருந்தோம். வேடிக்கை பார்த்தவர்கள் 'தேர் இழுக்கறாங்கடா' என்று கத்தினார்கள். பிற்பாடு படித்தேன், ஆர்சனலின் ஜார்ஜ் கிரஹாமும் பின்வரிசையைக் கயிற்றால் இணைத்துப் பழக்கியதாகச் சொல்கிறார்கள். ஏட்டய்யாவிடம் சொன்னேன். "அப்படியா? நாங்க லத்தி சார்ஜ் டிரில்ல கத்துக்கிட்டது தம்பி" என்றார்.

இரண்டாம் நாள் கார்னர். ஆட்டத்தின் நடுவே விசிலடித்து, என்னைக் கண்ணை மூடச் சொன்னார்.

"உனக்குப் பின்னாடி எத்தனை பேர் நிக்கிறாங்க?"

"ஒருத்தர், ஐயா."

கண்ணைத் திறந்து பார்த்தேன். இரண்டு பேர்.

"பந்து எங்க இருக்குன்னு மைதானத்துக்கு வெளிய சுண்டல் விக்கிறவனுக்குக்கூடத் தெரியும். உன் ஆளு எங்கன்னு உனக்கு மட்டும்தான் தெரியணும்."

மூன்றாம் நாள் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார்: "தம்பி நல்லா ஓடுறாப்ல. ஆனா ரைட் பேக் இல்லை. அந்த ஃபர்ஸ்ட் இயர் பையன் திரும்பித் திரும்பிப் பாக்கறான் பாருங்க, அவனைப் போடுங்க."

குழு கூடியது. முதலாமவருக்கு இரண்டு ஓட்டு, ஏட்டய்யாவுக்கு இரண்டு ஓட்டு. ஐந்தாவது ஓட்டு என்னுடையது. லைசன்ஸ் இல்லாதவரை எப்படி வைப்பது என்று ஒரு நண்பர் ஆட்சேபித்தார். சரியான ஆட்சேபணைதான்; லைசன்ஸ் வகுப்பில் காயம் படாமல் பழக்குவது, வயதுக்கேற்ற பயிற்சி எல்லாம் முறையாகச் சொல்லித் தருகிறார்கள். நானும் அந்த வாதத்தைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருக்கலாம். நாளை சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அன்றைக்குப் பௌர்ணமி. நண்பர்களோடு கிரிவலம் போனேன். பதினாலு கிலோமீட்டர் நடந்தும் கால் வலித்ததே தவிர முடிவு வரவில்லை. விடியற்காலையில் பந்துகளை எடுத்து வைக்கும்போது, கண்ணை மூடி நின்றது ஞாபகம் வந்தது. அந்த இரண்டாவது ஆள் எப்போது வந்தான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஏட்டய்யாவுக்கே ஓட்டுப் போட்டேன். அடுத்த பேரவை நிதியில் அவரை லைசன்ஸ் வகுப்புக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு தீர்மானமும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது இன்னும் நிலுவையில் இருக்கிறது. பேரவைச் செயலாளர் கவனிக்கவும்.

இந்த ஆண்டு மண்டலப் போட்டியில் முதல் ஆட்டம் 1-0 என்று ஜெயித்தோம். இரண்டாவதில் ஒரு பெனால்டியில் தோற்றோம். ரைட் பேக்கில் ஃபர்ஸ்ட் இயர் பையன் ஆடினான். நான் பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு ஆட்டத்திலும் நமக்கு எதிராக வந்த கார்னர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். மொத்தம் பதினேழு. ஒன்றும் உள்ளே போகவில்லை. திரும்பி வரும்போது கோல்கீப்பர் பஸ்ஸில் ஊர் வரும்வரை பாட்டுப் பாடிக்கொண்டே வந்தான். குரல் சகிக்கவில்லை.