மின்சார ஸ்கூட்டர்: பின் ஷாக் அப்சார்பரைக் கவனிப்போம்



வில்லியனூர், பாகூர் பகுதிகளில் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் சந்தைக்குப் போகவும் பல குடும்பங்கள் இப்போது மின்சார ஸ்கூட்டரையே நம்பியிருக்கின்றன. பெட்ரோல் செலவு இல்லை, ஆயில் மாற்றும் வேலை இல்லை. அதனால் சர்வீஸே வேண்டாம் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். பின்பக்க ஷாக் அப்சார்பரை அப்படி விடக்கூடாது.

ஏன்?

ஓசூரில் தயாராகி, 2020 ஜனவரியில் விற்பனைக்கு வந்த டிவிஎஸ் ஐக்யூப் போன்ற வண்டிகளில் மோட்டார் பின்சக்கரத்தின் நடுவிலேயே இருக்கிறது. சக்கரத்தின் எடை கூடுவதால், ஒவ்வொரு பள்ளத்திலும் ஷாக்குக்கு வேலை அதிகம். ஸ்பிரிங் அதிர்ச்சியைத் தாங்கும்; உள்ளே இருக்கும் எண்ணெய் ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும். எண்ணெய் கசிந்துவிட்டால் சக்கரம் சாலையைவிட்டுத் துள்ளும், பிரேக் பிடிக்கும் தூரம் கூடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பின்னால் பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது இது பெரிய ஆபத்து.

வீட்டிலேயே சோதிக்க

1. சீட்டின் பின்பகுதியை இரு கையாலும் பலமாக அழுத்தி விடுங்கள். ஒருமுறை எழும்பி நின்றால் நல்லது. இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் போய்விட்டது.
2. ஷாக்கின் தண்டில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய மண்ணும் இருக்கிறதா பாருங்கள்.
3. சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்சக்கரத்தை இடமும் வலமும் அசையுங்கள். ‘டக் டக்’ என்று ஆடினால் புஷ் அல்லது பேரிங் தேய்ந்திருக்கலாம்.

மாற்றும்போது

வாரண்டி இருந்தால் முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போங்கள். வெளி மெக்கானிக்கிடம் கொடுத்தால் கூடவே நின்று இவற்றைப் பாருங்கள்:

• சாவியை எடுத்து, வண்டியை முழுமையாக அணைத்த பிறகே வேலை தொடங்க வேண்டும்.
• பின்சக்கரத்தின் கீழ் மரக்கட்டை வைக்க வேண்டும். இரண்டு ஷாக் உள்ள வண்டியில் ஒன்றைக் கழற்றி மாட்டிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் சக்கரம் கீழே இறங்கி, மோட்டாருக்குப் போகும் கேபிள் இழுபடும்.
• ஒன்று கெட்டாலும் ஜோடியாக மாற்றுவதே நல்லது. இரு பக்கமும் ஸ்பிரிங் ஒரே படியில் இருக்க வேண்டும். இல்லையேல் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.
• ஷாக்கைப் பிரித்து ஸ்பிரிங்கைக் கழற்ற விடாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் கண் போகும்.
• போல்ட்டை, கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சில் இறுக்கச் சொல்லுங்கள்.

தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவும்போது சக்கரத்தின் நடுப்பகுதியிலும் கேபிளிலும் நேராக அடிக்க வேண்டாம். ஷாக் தண்டில் கிரீஸ் தடவவும் வேண்டாம். மண் ஒட்டி சீலை அறுத்துவிடும்.

மழைக்காலம் தொடங்கும் முன் ஒருமுறை, முடிந்ததும் ஒருமுறை இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஐந்து நிமிட வேலைதான். வீட்டில் வண்டி ஓட்டும் பெண்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.