பட்டாளம் விட்டு வரும் தம்பிகளுக்கு

வெலிங்டனில் பயிற்சி பெற்று, 71 பாகிஸ்தான் போரில் ஷகர்கர் பக்கம் நின்று, ஹவில்தாராக ஓய்வு பெற்றவன் நான். வீரதீரக் கதை எதுவும் என்னிடம் இல்லை. ஊர் திரும்பும் உங்களுக்குச் சொல்லச் சில விஷயங்கள் உண்டு.

1. முதலில் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மனைவியின் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். நம் இனிஷியல் வழக்கம் வடக்கத்தி எழுத்தருக்குப் பிடிபடாது; அதை விரித்து எங்காவது சேர்த்திருப்பார். ரெக்கார்ட்ஸில் முத்துலட்சுமி, ஆதாரில் லட்சுமி, வங்கியில் முத்துலெட்சுமி. நீங்கள் இருக்கும்வரை யாரும் கேட்கமாட்டார்கள். நீங்கள் போனபின் குடும்ப ஓய்வூதியத்துக்காக அலையப்போகிறவள் அவள்தான். கல்யாணமும் பிள்ளைகளும் பார்ட் டூ ஆர்டரில் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். பி.பி.ஓ. என்ற ஓய்வூதிய ஆணை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பது அவளுக்கும் தெரியட்டும்.

2. வீட்டில் ஹவில்தார் அவள். அத்தனை வருஷம் தனியாக நடத்திய வீட்டில் நீங்கள்தான் புது ரெக்ரூட்.

3. டீக்கடையில் "எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று கேட்பார்கள். சிரித்துவிட்டு டீயைக் குடியுங்கள். பேரப்பிள்ளை கேட்டால் மட்டும் உள்ளதைச் சொல்லுங்கள். எங்கள் பக்கம் சண்டை 1971 டிசம்பர் 3 முதல் 17 வரைதான். அதற்குப் பிறகும் பிடித்த இடத்திலேயே காவல் கிடந்தோம். சிம்லா ஒப்பந்தம் 1972 ஜூலையில் ஆனது. படைகள் திரும்ப டிசம்பர் ஆகிவிட்டது. கண்ணிவெடி வயலில் பொறியாளர் படையின் சாப்பர்கள் வழி திறந்து ஓரத்தில் வெள்ளை நாடா கட்டியிருப்பார்கள். இருட்டில் அந்த நாடாவை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது, ஒருவன் பின் ஒருவனாகப் போகவேண்டும். கம்பளிக்குள்ளும் நடுக்கும் குளிர். 56 ஏ.பி.ஓ. என்று எழுதி வீட்டிலிருந்து வரும் கடிதத்தை மடிப்பு கிழியும்வரை படிப்போம். சினிமாவில் இதையெல்லாம் காட்டமாட்டார்கள்.

4. மெடலை வைத்துப் பெருமையடிக்காதீர்கள். சங்ராம் மெடலும் பஷ்சிமி ஸ்டாரும் என்னைப் போல ஆயிரக்கணக்கானவர்களிடம் உண்டு. குடியரசு தினத்தன்று குத்திக்கொள்ளுங்கள், போதும்.

5. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பெயரைப் பதியுங்கள். காவலாளி வேலைக்கு யாரோ ஒரு ஏஜெண்டிடம் கை கட்டி நிற்குமுன் முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோவில் கேட்டுப் பாருங்கள். ஈ.சி.எச்.எஸ். மருத்துவக் கார்டை உடம்பு நன்றாக இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். 2003-க்கு முன் எங்களுக்கு அந்த வசதியே கிடையாது.

6. ஒரே பதவி ஒரே ஓய்வூதியம் 2014 ஜூலை 1 முதல் கணக்கு. அதற்கு முன்பே கண்மூடியவர்கள் பலர். அவர்களின் மனைவிமார் இன்னும் கிராமங்களில் இருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் உயிர்ச்சான்று போடத் தெரியாதவர்கள். நவம்பரில் உங்களுடையதைப் போடப் போகும்போது, ஊரில் அப்படி ஒரு அம்மா இருந்தால் அவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.