நல்லமிளகுக் கன்றில் இலை பழுத்தால் என்ன செய்வது?

கன்னியாகுமரி மாவட்டத்தில் கீரிப்பாறை, மாறாமலை, பேச்சிப்பாறை முதலிய மலையடிவாரப் பகுதிகளிலும், தென்னை, கமுகுத் தோட்டங்களிலும் நல்லமிளகு ஒரு முக்கிய ஊடுபயிராகும். மாசி, பங்குனி மாதங்களில் கொடி வெட்டிப் பாலிதீன் பைகளில் நட்டு, தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் மரத்தடியில் நடுவது வழக்கம். இந்த இடைப்பட்ட மூன்று மாதங்களில்தான் விவசாயிகளுக்குக் கவலை ஏற்படுகிறது. நன்றாகத் தளிர்த்த கன்று திடீரென்று மஞ்சளிக்கிறது. இலையில் கரும்புள்ளி விழுகிறது. சில பைகளில் கன்று ஒரே வாரத்தில் தொங்கிப் போகிறது.

இலை மஞ்சளித்தால் உரக்குறைவு என்று எண்ணிப் பையில் யூரியா போடுவது பலருடைய பழக்கம். வேர் அழுகிய கன்றுக்கு உரம் போட்டால் அது இன்னும் விரைவில் சாகும். எனவே மருந்துக் கடைக்குப் போகுமுன் காரணத்தைக் கண்டறிய வேண்டும்.

இலை முந்தும், வேர் பிந்தும்

வெட்டிய கொடித் துண்டில் ஏற்கெனவே சிறிது உணவு சேமிப்பு இருக்கும். அதைக் கொண்டே முதல் ஓரிரு இலைகள் வந்துவிடும். ஆகவே தளிர் கண்டதும் வேர் பிடித்துவிட்டது என்று முடிவு செய்யக்கூடாது. சேமிப்பு தீர்ந்த பிறகு கன்றைக் காப்பாற்ற வேண்டியது வேர்தான். வேரில் குறை இருந்தால் அது இந்தச் சமயத்தில் இலையில் தெரியும்.

நோயுள்ள கன்றுகளில் ஒன்றிரண்டைத் தியாகம் செய்து, பையைக் கிழித்து மண்ணைத் தண்ணீரில் கழுவிப் பார்ப்பதே முதல் வேலை. நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ, இழுத்தால் அறாமல் இருக்கும். அழுகிய வேர் கறுத்து, விரலால் உருவினால் மேல்தோல் கழன்று வரும். வேரில் சிறு முடிச்சுகள் காணப்பட்டால் அது நூற்புழுவின் வேலை. தண்டும் வேரும் சேருமிடத்தில் வெள்ளை மாவு ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி உள்ளது என்று அறியலாம்.

தண்ணீரும் வெயிலும்

வேரில் நோய் இல்லையென்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது ஈரம். பையிலுள்ள மண்ணை ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக்கூடாது. சொட்டினால் தண்ணீர் அதிகம் என்று பொருள். பையின் அடித் துவாரங்கள் அடைபட்டிருந்தாலும், பைகளைப் பள்ளத்தில் அடுக்கியிருந்தாலும் வேர் மூச்சு முட்டி, அடி இலைகள் மஞ்சளித்து உதிரும். துவாரங்களைத் திறந்து, பைகளை மேடான இடத்துக்கு மாற்றி, இரண்டொரு நாள் தண்ணீரை நிறுத்தினால் புதுத்தளிர் பச்சையாக வரும்.

வெயில் படும் பக்கத்து இலைகள் மட்டும் வெளுத்து, பிறகு காகிதம் போல் காய்ந்தால் அது வெயில் சூடு. இதற்கு மருந்து தேவையில்லை. தென்னோலைப் பந்தலோ நிழல்வலையோ போட்டால் போதும். ஆனால் பந்தல் மிகவும் அடர்த்தியாக இருந்தால் காற்றோட்டம் குறைந்து பூசண நோய்கள் வரும்.

சத்துக் குறைவின் அடையாளம்

வேர் நன்றாக இருந்து, புள்ளி எதுவும் இல்லாமல், பழைய இலைகள் முழுவதும் ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்துக் குறைவு. பழைய இலைகளில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் மக்னீசியக் குறைவாக இருக்கலாம். நூற்புழு தாக்கினாலும் இதே மஞ்சள் தோன்றுவதால் வேரைப் பார்க்காமல் தீர்மானிக்கக்கூடாது.

சத்துக் குறைவுதான் என்று தெரிந்தால் 10 லிட்டர் தண்ணீரில் யூரியா 40 கிராம், சூப்பர் பாஸ்பேட் 30 கிராம், மூரியேட் ஆப் பொட்டாஷ் 20 கிராம், மக்னீசியம் சல்பேட் 10 கிராம் கலந்து, மாதம் ஒருமுறை பைக்குச் சிறிதளவு ஊற்றலாம். சூப்பர் பாஸ்பேட்டை முதல்நாள் இரவே ஊறவைத்துத் தெளிவை எடுத்துக்கொள்ள வேண்டும். பை காய்ந்திருக்கும்போது ஊற்றக்கூடாது.

புள்ளிகளும் அழுகலும்

இலையில் ஓரம் கலைந்த கரும்புள்ளி தோன்றி விரைவாகப் பெருகி, தண்டும் கறுத்து, இலை உதிர்ந்தால் அது பைட்டோப்தோரா பூசணம். வளர்ந்த கொடிகளைச் சில வாரங்களிலேயே கொல்லும் வாடல் நோய்க்குக் காரணமும் இதுவே.

பழுப்புப் புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையம் இருந்தால் ஆந்த்ராக்னோஸ் எனப்படும் இலைப்புள்ளி நோய். சித்திரை, வைகாசியில் கோடைமழை பெய்து புழுக்கமாக இருக்கும்போது, சாம்பல் நிறப் புள்ளி விழுந்து இலைகள் நூலாம்படையால் ஒட்டியது போல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அது ரைசாக்டோனியா இலை அழுகல். தண்டின் அடியில் வெள்ளைப் பூசண இழைகளும் கடுகு போன்ற உருண்டைகளும் தெரிந்தால் அடித்தண்டு அழுகல்.

இந்நோய்கள் கண்ட கன்றுகளையும் உதிர்ந்த இலைகளையும் உடனே அப்புறப்படுத்தி எரித்துவிட வேண்டும். மீதிக் கன்றுகளுக்கு 1 சதப் போர்டோ கலவையை இலையின் இருபுறமும் நனையத் தெளிக்க வேண்டும். பைட்டோப்தோரா கண்ட இடத்தில் 10 லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து பை மண்ணிலும் ஊற்ற வேண்டும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை இதைச் செய்யலாம்.

போர்டோ கலவையை வீட்டிலேயே தயாரிக்கலாம். பிரான்சு நாட்டில் போர்டோ நகரை அடுத்த திராட்சைத் தோட்டங்களில் 1880களில் வழக்கத்துக்கு வந்த மருந்து இது. 100 கிராம் மயில்துத்தத்தை 5 லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுண்ணாம்பை வேறு 5 லிட்டர் தண்ணீரிலும் தனித்தனியே கரைத்து வடிகட்ட வேண்டும். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே ஏற்றது. மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் அதில் அமிழ்த்தி எடுத்தால் செம்பு நிறம் படியக்கூடாது. படிந்தால் இன்னும் சிறிது சுண்ணாம்புக் கரைசல் சேர்க்க வேண்டும். தயாரித்த அன்றே தெளித்துவிட வேண்டும்.

மருந்தால் தீராதவை

இலை சிறுத்து, தேமல் போல மஞ்சளும் பச்சையும் கலந்து காணப்பட்டால் அது நச்சுயிரி நோய். இதற்கு மருந்து கிடையாது. கன்றைப் பிடுங்கி எரிப்பதோடு, அது வெட்டப்பட்ட தாய்க்கொடியிலிருந்து மறுபடி கொடி எடுக்காமலிருக்க வேண்டும். வேரில் முடிச்சு விழுந்த கன்றையும் தோட்டத்துக்குக் கொண்டு போகக்கூடாது. இலை ஓரம் மட்டும் சுருண்டிருந்தால் இலைப்பேன் தாக்குதல். சுருண்ட இலைகளைக் கிள்ளி அழித்து, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம்.

வருமுன் காப்பது

பன்னியூரில் உருவாகி 1971-ல் வெளியிடப்பட்ட பன்னியூர் 1 ஆனாலும், பழைய கரிமுண்டா ஆனாலும், நோயற்ற, நன்கு காய்க்கும் தாய்க்கொடியைத் தேர்ந்து அதன் ஓடுகொடிகளையே வெட்ட வேண்டும். ஓடுகொடி தரையில் வேரூன்றினால் மண்ணிலுள்ள நோய் ஒட்டிக்கொள்ளும். எனவே கொடியடியில் குச்சி நட்டு அதில் சுற்றிவைக்க வேண்டும்.

பைக்கு மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, மக்கிய தொழு உரம் 1 பங்கு கலக்க வேண்டும். இக்கலவையைத் தை மாதமே நனைத்து, கண்ணாடி போன்ற பாலிதீன் தாளால் 30 முதல் 45 நாள் மூடி வெயிலில் வைத்தால் பூசணமும் நூற்புழுவும் பெருமளவு குறையும். பின்னர் கிலோவுக்கு 1 கிராம் டிரைக்கோடெர்மா கலக்கலாம். தாமிர மருந்து ஊற்றினால் 15 நாள் கழித்தே டிரைக்கோடெர்மா இட வேண்டும்.

சந்தேகம் வந்தால் கன்றைப் பையோடு பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலோ, திருப்பதிசாரம் வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ காட்டிக் கேட்கலாம்.

நடவுக்கு முன் ஒவ்வொரு கன்றையும் தரம் பார்ப்பது அவசியம். பத்துக்கு இரண்டு கழிந்தாலும் பரவாயில்லை. மிளகு காய்க்கத் தொடங்குவது மூன்றாம் ஆண்டில்தான். மனமில்லாமல் நட்ட ஒரு நோயுற்ற கன்று, அந்த மூன்று ஆண்டு உழைப்பை வீணாக்குவதோடு, அருகிலுள்ள நல்ல கொடிகளுக்கும் மண் வழியே நோயைக் கொடுத்துவிடும். பையிலேயே கழிப்பதால் வரும் நஷ்டம் சிறியது. தோட்டத்தில் வரும் நஷ்டம் பெரியது.