டிவி சத்தம் ஆம்ப்ளிஃபயரில் குறைவாகக் கேட்கிறதா?
டிவியின் ஹெட்போன் துளையிலிருந்து வயர் இழுத்திருந்தால், முதலில் ஆம்ப்பின் வால்யூமை நன்றாகக் குறைத்துவிட்டு டிவி ரிமோட்டை எடுங்கள். பல டிவிகளில் ஹெட்போனுக்குத் தனி வால்யூம் உண்டு. அது 20, 30-இல் நின்றால் ஆம்ப்பை எவ்வளவு திருகினாலும் இரைச்சல்தான் கூடும். 80, 90 வரை ஏற்றுங்கள். பிசிறடித்தால் சற்றே இறக்குங்கள். பின்னை ‘டக்’கென்று உட்காரும்வரை அழுத்துங்கள். பாதி நுழைந்திருந்தால் இசை கேட்கும், பேச்சு மட்டும் அமுங்கிப்போகும்.

ஆம்ப்பில் ஆக்ஸ் துளையே சரி. ஃபோனோ வேண்டவே வேண்டாம், அது ரெக்கார்ட் பிளேயருக்கானது.

டிவியில் ஆப்டிகல் துளை இருந்தால், கூடுதல் செலவானாலும் சின்ன டிஜிட்டல்-அனலாக் கன்வர்ட்டர் ஒன்று வாங்கிவிடுவது நல்லது. டிவி மெனுவில் டிஜிட்டல் ஆடியோவை பிசிஎம் என்று மாற்ற மறக்காதீர்கள். இல்லாவிட்டால் பல கன்வர்ட்டர்களில் சத்தமே வராது.